வேதத்தைக் கையில் வைத்திருப்பவர்களே இந்த நாவல்களில் ஏன் இரக்கமற்றவர்களாக இருக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் அண்மையில் சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையையும் சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ நாவலையும் அடுத்தடுத்துப் படித்திருக்கிறார். முதலாவதில் கருமியான ஸ்க்ரூஜ் ஒரே இரவில் மனம் மாறி வாரி வழங்குகிறான். இரண்டாவதில் வேத வசனம் வாயை விட்டு நீங்காத ஒரு குருவானவர், தர்மப் பள்ளி ஒன்றை நடத்திக்கொண்டே அங்குள்ள சிறுமிகளை அரைப் பட்டினி போடுகிறார். “இந்த எழுத்தாளர்கள் கிறிஸ்தவத்தின் பக்கம் நிற்கிறார்களா, எதிர்ப்பக்கம் நிற்கிறார்களா? ஒரு பணக்காரன் மனம் மாறி வான்கோழி வாங்கிக் கொடுத்துவிட்டால் ஏழ்மை தீர்ந்துவிடுமா?” என்று கேட்கிறார். இரண்டு கேள்விகளுக்கும் அடியில் மூன்றாவது ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. பேராசை எது, தர்மம் எது என்பதை இந்த நாவல்கள் எந்த அளவுகோலால் தீர்மானிக்கின்றன, அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதே அது. கல்லூரியில் விக்டோரியா அரசி கால (பத்தொன்பதாம் நூற்றாண்டு) ஆங்கில நாவல்களைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இறையியல் என் துறை அன்று. கோட்பாட்டு நுணுக்கங்களில் என் சொல்லை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டாம். நாவல்களின் பக்கங்களில் அச்சாகியிருப்பதைப் பற்றி மட்டும் உறுதியோடு பேச முடியும்.

பக்திமான்களைக் கொடியவர்களாகக் காட்டுவது கிறிஸ்தவத்தை வெளியிலிருந்து தாக்கும் செயல் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது. கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போனவர்கள் ஓர் ஆசாரியனும் ஒரு லேவியனும். அதாவது ஆலயப் பணிக்கென்றே குறிக்கப்பட்டவர்கள். அருகே வந்து, பார்த்து, மனதுருகி, காயம் கட்டியவன், அந்த ஆலயத்தாரால் இழிவாக எண்ணப்பட்ட சமாரியன். ஆக, மதத்தின் உடையணிந்தவரிடம் இரக்கம் இல்லாமற்போவதும், எதிர்பாராத ஒருவரிடம் அது இருப்பதும் டிக்கன்ஸ் கண்டுபிடித்த கதை உத்தி அல்ல. அவருடைய வாசகர்கள் ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த உவமையின் அமைப்பே அது. விக்டோரியா கால நாவலாசிரியர்கள் பெரும்பாலும் செய்தது, சுவிசேஷத்தின் அளவுகோலை எடுத்து, அதைச் சொந்தம் கொண்டாடிய தம் காலத்தவர் மேல் வைத்துப் பார்த்ததுதான். இதுவே என் பதிலின் சாரம். இதை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் வேண்டிய சான்றுகளைக் கீழே தருகிறேன்.

அந்தக் காலத்தில் இந்த அளவுகோலுக்கு ஏன் இத்தனை அவசரத் தேவை ஏற்பட்டது என்பதற்கு 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தத்தை அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன்பு, 1601-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு பாரிஷும் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி) தன் எல்லைக்குள் இருந்த ஏழைகளுக்கு வரிப்பணத்திலிருந்து உதவி வந்தது. பலருக்கு அந்த உதவி வீட்டில் இருந்தபடியே கிடைத்தது. புதிய சட்டம் பாரிஷ்களைச் சேர்த்து ஒன்றியங்களாக்கி, உடலில் வலுவுள்ள ஏழைகள் உதவி வேண்டுமானால் ‘ஒர்க்ஹவுஸ்’ எனப்பட்ட ஏழை விடுதிக்குள் போகவேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது. உள்ளே இருப்பவரின் நிலை, வெளியே உள்ள கடைநிலைக் கூலித் தொழிலாளியின் நிலையை விடவும் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அதன் அறிவிக்கப்பட்ட கொள்கை. கணவனும் மனைவியும் பிள்ளைகளும் தனித்தனிக் கட்டடங்களில் பிரித்து வைக்கப்பட்டார்கள். இந்தச் சட்டத்திற்குப் பின்னிருந்த சிந்தனையாளர்களில் முதன்மையானவரும், மக்கள்தொகை உணவுப் பெருக்கத்தை மிஞ்சி வளரும் என்று 1798-இல் எழுதியவருமான மால்தஸ், ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானவர். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொருளாதார விதிகளைக் கடவுள் வகுத்த ஒழுங்காகவே கண்ட விசுவாசிகள் அப்போது பலர் இருந்தார்கள். வறுமை என்பது மனிதரைத் திருத்துவதற்கான சிட்சை என்று அவர்கள் மனமார நம்பினார்கள். எனவே நாவல்களில் நடப்பது விசுவாசிக்கும் அவிசுவாசிக்கும் இடையிலான சண்டை என்பதைவிட, ஒரே வேதத்தை இருவிதமாகப் படித்த இரு சாராரின் வழக்கு என்பதே பொருந்தும்.

இந்தப் பின்னணியோடு ஸ்க்ரூஜிடம் திரும்பி வருவோம். ஏழைகளுக்காக நன்கொடை கேட்டு வரும் இரு கனவான்களிடம் அவன் கேட்பது, சிறைகள் இல்லையா, ஒன்றியத்தின் ஏழை விடுதிகள் நடக்கவில்லையா என்பதுதான். அங்கே போவதைவிடச் சாவதே மேல் என்று பலர் எண்ணுவார்கள் என்று அவர்கள் சொன்னதும், அப்படியானால் செத்து, மிகையான மக்கள்தொகையைக் குறைக்கட்டும் என்கிறான். பலர் இந்த வரியை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் உள்ள இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த நிறுவனங்களைத் தாங்குவதற்குத் தானும் பணம் கொடுப்பதாக அவன் சொல்கிறான். அது உண்மை. ஸ்க்ரூஜ் யாரையும் ஏமாற்றுவதில்லை, சட்டத்தை மீறுவதில்லை, வரியை ஒழுங்காகக் கட்டுகிறான். மற்றவர் விஷயத்தில் தலையிடாமல் தன் தொழிலைப் பார்ப்பதே ஒரு மனிதனுக்குப் போதும் என்பது அவன் நியாயம். டிக்கன்ஸ் காட்டும் பேராசை, பெட்டியில் பணம் சேர்வதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பக்கத்திலிருப்பவன் தன் கணக்கில் வரமாட்டான் என்று ஒருவன் முடிவெடுக்கும் இடத்திலேயே அது பிறந்துவிடுகிறது. செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவி, மனிதகுலமே தன் தொழிலாக இருந்திருக்க வேண்டும், தர்மமும் இரக்கமும் பொறுமையும் தன் தொழிலாக இருந்திருக்க வேண்டும் என்று அலறுவது, ஸ்க்ரூஜ் சற்று முன் சொன்ன அதே வாதத்திற்கு நேர் பதில்.

1843 செப்டம்பரில் டிக்கன்ஸ் லண்டன் ஃபீல்டு லேனில் இருந்த ‘ராகெட் ஸ்கூல்’ ஒன்றைப் போய்ப் பார்த்தார். கந்தல் உடுத்திய ஏழைக் குழந்தைகளுக்கென நடந்த இலவசப் பள்ளி அது. அதே ஆண்டில் வெளிவந்த குழந்தைத் தொழிலாளர் ஆணையத்தின் இரண்டாம் அறிக்கையும் அவரை உலுக்கியிருந்தது. முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதவே நினைத்தார். அதைக் கைவிட்டு எழுதிய கதை டிசம்பர் 19 அன்று வெளியாகி, கிறிஸ்துமஸுக்கு முன்பே 6,000 பிரதிகள் விற்றன. அறியாமை, இல்லாமை என்ற பெயர்களோடு, அன்றிரவு அவனிடம் வரும் கிறிஸ்துமஸ் ஆவி ஒன்றின் அங்கிக்குள்ளிருந்து வெளிப்படும் இரு குழந்தைகளைக் கண்டு, இவர்களுக்குப் புகலிடம் இல்லையா என்று ஸ்க்ரூஜ் கேட்கும்போது, சிறைகள் இல்லையா, ஏழை விடுதிகள் இல்லையா என்று அவனுடைய சொற்களே அவனுக்குத் திரும்பி வருகின்றன. துண்டுப் பிரசுரத்தில் சொல்லியிருந்தால் அது ஒரு வாதமாக மட்டும் இருந்திருக்கும்.

கதையின் முடிவை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் ஒரு சிறு விவரத்தில் நிற்பதுண்டு. ஸ்க்ரூஜ் வாங்கும் வான்கோழி அவனுடைய எழுத்தன் பாப் கிராட்சிட்டின் வீட்டுக்குப் போகிறது; ஆனால் அனுப்பியவர் யார் என்று பாப்புக்குத் தெரியக்கூடாது என்பது ஸ்க்ரூஜின் விருப்பம். பிறகு தெருவில் முந்தைய நாளின் கனவானைச் சந்தித்து, தான் தரப்போகும் தொகையை அவர் காதில் மெல்லச் சொல்கிறான். அது எவ்வளவு என்பதை வாசகருக்குக்கூட டிக்கன்ஸ் சொல்வதில்லை. பழைய பாக்கிகள் பலவும் அதில் அடக்கம் என்று மட்டும் ஸ்க்ரூஜ் சொல்கிறான். “உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது” என்ற மத்தேயு ஆறாம் அதிகார வசனத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கடைசியாக, வாரம் 15 ஷில்லிங் வாங்கும் எழுத்தனுக்கு ஊதிய உயர்வு. வான்கோழி தர்மம், ஊதிய உயர்வு நியாயம். இரண்டும் வேண்டும் என்பதை டிக்கன்ஸ் அறிந்தே அடுத்தடுத்து வைத்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். ‘பாக்கி’ என்று ஸ்க்ரூஜ் சொல்வதையும் இத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்; தான் கொடுப்பது ஏற்கெனவே கொடுத்திருக்க வேண்டியது என்று அவன் உணர்ந்துவிட்டான்.

இதுவரை சொன்னவை கதையில் உள்ளவை. இது கிறிஸ்தவக் கதையா என்பதில் மட்டும் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. பாவம், பரிகாரம், சிலுவை ஆகியவற்றைப் பற்றிய பேச்சு கதையில் ஏறக்குறைய இல்லை. ஸ்க்ரூஜை மாற்றுபவை நினைவும் இரக்கமும் மரண பயமுமே. மனம் மாறிய காலையில் அவன் ஆலயத்துக்குப் போனதை டிக்கன்ஸ் ஒரு சொற்றொடரில் சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுகிறார். இவற்றைக் காட்டி, இது கிறிஸ்துமஸ் வேடமிட்ட மனிதநேயக் கதை என்பவர்கள் உண்டு. மறுபக்கச் சான்றுகளும் வலுவானவையே. ஆலயத்தில் இருப்பவர்கள் தன்னைக் கண்டு, முடவரை நடக்கவும் குருடரைக் காணவும் செய்தவரை நினைத்துக்கொள்ளட்டும் என்று விரும்புகிறான் பாப்பின் மகனான, கால் ஊனமான சிறுவன் டிம். அவன் மறைந்துவிட்ட எதிர்காலக் காட்சியில் ஒலிக்கும் வாசகம், இயேசு ஒரு பிள்ளையை எடுத்துச் சீடர் நடுவே நிறுத்திய மாற்கு சுவிசேஷப் பகுதி. டிக்கன்ஸ் தம் பிள்ளைகளுக்கென இயேசுவின் வாழ்க்கையை எளிய நடையில் எழுதி வைத்தார். அது 1934-இல்தான் அச்சேறியது. தம் உயிலில், புதிய ஏற்பாட்டின் போதனையை அதன் பரந்த பொருளில் பின்பற்றும்படி பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டார். 1840-களில் சில ஆண்டுகள், திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் பிரிவின் ஆலயத்துக்குச் சென்று வந்தவர் அவர். அவருடைய அறம் சுவிசேஷத்திலிருந்து வந்தது, கோட்பாட்டில் அவருக்கு நாட்டம் குறைவு என்ற அளவில் நான் நிறுத்திக்கொள்வேன்.

‘ஜேன் அயர்’ நாவலில் பள்ளி நடத்தும் குருவானவர் பிராக்கிள்ஹர்ஸ்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லோவுட் பள்ளியின் வாசற்கல்லில், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்ற மத்தேயு வசனம் பொறித்திருக்கிறது. அதைப் படித்துக்கொண்டு நிற்கும்போதுதான் ஜேன் ஹெலன் பர்ன்ஸைச் சந்திக்கிறாள். பிராக்கிள்ஹர்ஸ்ட் நல்லவரா என்று அவள் கேட்கும்போது, அவர் குருவானவர், நிறைய நன்மை செய்வதாகச் சொல்கிறார்கள் என்பதே கிடைக்கும் பதில். கஞ்சி தீய்ந்துபோன காலையில் பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்துவிட்டார் ஆசிரியை மிஸ் டெம்பிள். அதற்காக அவரைக் கடிந்துகொள்ளும் பிராக்கிள்ஹர்ஸ்ட், உடலுக்கு உணவிட்டு ஆன்மாவைப் பட்டினி போட்டதாக வாதாடுகிறார். சுருள்முடி வைத்த சிறுமியின் கூந்தலை வெட்டச் சொல்லி அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, வெல்வெட்டும் பட்டும் விலங்குரோமமும் அணிந்து, முடியைச் சுருட்டி அலங்கரித்துக்கொண்ட அவருடைய மனைவியும் மகள்களும் உள்ளே வருகிறார்கள். இது வெறும் கற்பனைக் கோபம் அன்று. சார்லட் பிராண்டி ஒரு குருவானவரின் மகள். கோவன் பிரிட்ஜில் குருமாரின் மகள்களுக்கென நடந்த பள்ளியில் தங்கியிருந்து நோயுற்ற அவருடைய அக்காமார் மரியாவும் எலிசபெத்தும் 1825-இல் இறந்தனர். மரபைப் பேணுவது ஒழுக்கம் ஆகாது, தன்னை நீதிமானாகக் கருதிக்கொள்வது மதம் ஆகாது என்று அவர் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதியது, நாவலை மதவிரோதமானது என்று குறை சொன்னவர்களுக்குத் தந்த பதில்.

இந்த நாவலில் பேராசையும் தர்மமும் மோதும் உண்மையான இடம், படித்தவர்கள் பலர் மறந்துவிடும் ஒரு பகுதியில் இருக்கிறது. மடேராவில் இருந்த சிற்றப்பாவிடமிருந்து ஜேனுக்கு 20,000 பவுண்டு வந்து சேர்கிறது. தன்னைத் தெருவிலிருந்து எடுத்துக் காத்த மூவரும் தன் அத்தை பிள்ளைகளே என்று அறிந்ததும், அதை நான்காகப் பிரித்து ஆளுக்கு 5,000 என்று பங்கிடுகிறாள். 5,000 தனக்கு மகிழ்ச்சியும் பயனும் தரும், 20,000 தன்னை வதைத்து அழுத்தும் என்பது அவள் விளக்கம். இதைத் தர்மம் என்று அழைக்க அவள் இடங்கொடுப்பதில்லை. நியாயம் என்றே வாதாடுகிறாள். தர்மப் பள்ளியில் ‘தர்மப் பிள்ளை’ என்ற பெயரோடு வளர்ந்தவளுக்கு, பெறுபவரைத் தாழ்த்தாமல் கொடுப்பது எப்படி என்று தெரிந்திருக்கிறது.

தாழ்த்திக் கொடுப்பதைப் பற்றி டிக்கன்ஸ் எழுதியவற்றை மட்டும் தொகுத்தால் ஒரு நூல் ஆகும். ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் பாரிஷ் அதிகாரி பம்பிளின் கோட்டுப் பொத்தானில் நல்ல சமாரியனின் உருவம் பொறித்திருக்கிறது. அதுவே பாரிஷின் முத்திரையும். நள்ளிரவில் ஒரு வாசற்படியில் இறந்துபோன ஏழை வணிகனின் மரண விசாரணைக்குப் போனபோதுதான் அந்தக் கோட்டை முதன்முதலாக அணிந்ததாக அவரே பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலின் மிஸஸ் ஜெலிபி, ஆப்பிரிக்காவின் போரியபூலா-கா மக்களுக்காக இரவும் பகலும் கடிதம் எழுதுகிறார். அவருடைய குழந்தைகள் மாடிப்படியில் உருண்டு விழுகிறார்கள். மிஸஸ் பார்டிகிள் தம் பன்னிரண்டு வயது மகனின் கைச்செலவுப் பணம் ஐந்து ஷில்லிங் மூன்று பென்ஸை டோக்கஹூப்போ இந்தியர்களுக்கு அனுப்ப வைத்து, அதை அவனுடைய ஈகையாகவே ஊருக்கு அறிவிக்கிறார். அந்தப் பையனின் முகத்தில் தெரியும் வெறுப்பைக் கதை சொல்லும் எஸ்தர் வருணிக்கும் இடம் சிரிப்பூட்டினாலும், அடுத்து வரும் செங்கல் சூளைத் தொழிலாளியின் குடிசைக் காட்சி நெஞ்சை அறுக்கும். பார்டிகிள் கையில் புத்தகத்தோடு நுழைந்து, அங்கிருப்பவர்களுக்கு உரத்துப் போதித்துவிட்டுப் போகிறார். ஒரு தாயின் மடியில் குழந்தை செத்துக்கொண்டிருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. அவர் போனபின் அருகே சென்று குனிந்து பார்ப்பவள் எஸ்தரின் தோழி ஏடா. உயிர் பிரிந்த குழந்தையைத் தன் கைக்குட்டையால் மூடுபவள் எஸ்தர். லூக்காவின் உவமையில் விலகிப் போனவரும் அருகே வந்தவரும் மறுபடியும் இங்கே ஒரே அறைக்குள் இருக்கிறார்கள்.

இதே நாவலில் தெரு கூட்டும் சிறுவன் ஜோ, வெளிநாடுகளில் சுவிசேஷம் பரப்பும் சங்கத்தின் வாசற்படியில் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைத் தின்றுவிட்டு, இடம் கொடுத்ததற்கு நன்றியாக அந்தப் படியைத் துடைத்துவிட்டுப் போகிறான். அந்தக் கட்டடம் எதற்கானது என்று அவனுக்குத் தெரியாது. எஸ்.பி.ஜி. என்று திருநெல்வேலிப் பக்கத்தில் இன்றும் மூத்தவர்கள் சொல்லும் சங்கம் அதுவே. 1841-இல் அதில் சேர்ந்து இடையன்குடியில் பணியாற்றியவர் கால்டுவெல். இதைப் படிக்கும் தமிழர் சிலருக்கு டிக்கன்ஸின் இந்தக் குத்து நியாயமா என்ற கேள்வி எழலாம், எனக்கும் எழுகிறது. அந்தச் சங்கத்தின் பள்ளிகளில் எழுத்தறிந்த குடும்பங்களை எண்ணினால், தொலைவில் உள்ளவருக்குச் செய்வதெல்லாம் பொய்த் தர்மம் என்று சொல்ல முடியாது. டிக்கன்ஸ் அவ்வளவு பொதுவாகச் சொன்னாரா, வாசலில் இருப்பவனைத் தாண்டிப் போவதை மட்டும் கண்டித்தாரா என்பது வாசிப்பவரின் தீர்ப்புக்கு உரியது. அவருடைய பிற எழுத்துகளையும் வைத்துப் பார்க்கும்போது, ஆப்பிரிக்கரையும் ஆசியரையும் பற்றிய அவர் பார்வை குறுகியது என்றே நான் சொல்வேன்.

எலிசபெத் கேஸ்கல் மான்செஸ்டரில் யூனிடேரியன் போதகர் ஒருவரின் மனைவி. ஆலைத் தொழிலாளர் வீடுகளுக்குள் போய் வந்தவர். அவருடைய ‘மேரி பார்டன்’ (1848) நாவலில் வாசலில் கிடந்த பிச்சைக்காரனைக் கவனியாத செல்வனைப் பற்றிய ‘ஐசுவரியவானும் லாசருவும்’ என்ற உவமை திரும்பத் திரும்ப வருகிறது. நிலவறையில் காய்ச்சலில் கிடக்கும் டேவன்போர்ட் குடும்பத்துக்காக, ஜான் பார்டன் தன் நல்ல கோட்டையும் பட்டுக் கைக்குட்டையையும் அடகு வைத்து ஐந்து ஷில்லிங் பெற்று உணவு வாங்குகிறார். அதே டேவன்போர்ட்டுக்காக ஆலை முதலாளி கார்சனிடம் மருத்துவமனை அனுமதிச் சீட்டுக் கேட்டுப் போனால், தம்மிடம் வேலை செய்பவர்களின் பெயரெல்லாம் தமக்குத் தெரியாது என்று சொல்லி, உள்நோயாளிச் சீட்டுக்குப் பதிலாக வெளிநோயாளிச் சீட்டைத் தருகிறார். கொடுக்கவில்லை என்று அவரைக் குறை சொல்ல முடியாது, கொடுத்தது உதவவில்லை. தம் மகனைக் கொன்றவரை அந்தக் கார்சன் மன்னிக்கும் இறுதிப் பகுதி, வர்க்கப் பகையைத் தனிமனித மன்னிப்பால் பூசி மறைக்கிறது என்ற விமர்சனம் பழையது. அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் ஏழைகள் ஏழைகளுக்குச் செய்யும் தர்மத்தை இவ்வளவு கண்ணியத்தோடு எழுதியவர் அக்காலத்தில் வேறு அதிகம் பேர் இல்லை.

டிராலப்பின் ‘தி வார்டன்’ (1855) நாவலைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1434-இல் இறந்த ஜான் ஹைரம் என்பவர் பன்னிரண்டு முதியவர்களுக்காக எழுதிவைத்த அறக்கட்டளை, நிலத்தின் மதிப்பு ஏறியதால் நான்கு நூற்றாண்டுகளில் பெருஞ்செல்வம் ஆகிவிட்டது. முதியவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ். காப்பாளர் ஹார்டிங்குக்கு ஆண்டுக்கு 800 பவுண்டு. தம் பணத்திலிருந்து ஆளுக்கு இரண்டு பென்ஸ் கூட்டிக் கொடுக்கும் மென்மையான குருவானவர் அவர். இங்கே பேராசைக்காரர் எவரும் இல்லை. பேராசை அமைப்பில் இருக்கிறது. சீர்திருத்தக்காரர்கள் வழக்குத் தொடுக்க, மனச்சான்று உறுத்தி ஹார்டிங் பதவி விலகுகிறார். விளைவாக, முதியவர்கள் இருந்த ஆதரவையும் இழக்கிறார்கள். டிக்கன்ஸையே பெயர் மாற்றிக் கேலி செய்யும் இந்த நாவல், தீமைக்கு ஒரு வில்லன் முகம் தேடும் வழக்கத்துக்கு நல்ல மாற்று மருந்து.

ஜார்ஜ் எலியட்டின் நிலை வேறு. இளமையில் தீவிர சுவிசேஷப் பற்றுடையவராக இருந்த அவர் 1842-இல் ஆலயம் செல்வதை நிறுத்தினார். இயேசுவின் வரலாற்றை ஆராய்ந்த ஸ்ட்ராஸின் நூலையும் கிறிஸ்தவத்தின் சாரத்தைப் பற்றிய ஃபாயர்பாக்கின் நூலையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவரே. ஆயினும் பக்தியை உள்ளிருந்து புரிந்துகொண்டு எழுதியதில் அவருக்கு இணை இல்லை. ‘சைலஸ் மார்னர்’ (1861) நாவலில், சீட்டுப் போட்டுக் கடவுளின் தீர்ப்பறியும் சபை நிரபராதியான சைலஸைத் திருடன் என்று விலக்குகிறது. அவன் பொன் நாணயங்களைக் கொஞ்சி வாழத் தொடங்குகிறான். எழுதப் படிக்கத் தெரியாத டாலி வின்த்ராப், ஆலயத் துணியில் கண்ட, இயேசுவின் பெயரைக் குறிக்கும் ஐ.எச்.எஸ். எழுத்துகளைப் பொருள் அறியாமலே பதித்துச் சுட்ட பலகாரத்தை அவனுக்குக் கொண்டுவருகிறாள். அவளுக்குக் கோட்பாடு தெரியாது. அண்டை வீட்டானின் தனிமை தெரிகிறது.

‘மிடில்மார்ச்’ (1871–72) நாவலின் வங்கியாளர் புல்ஸ்ட்ரோட்தான் இந்தத் தலைப்பில் மிக ஆழமான படைப்பு. திருட்டுப் பொருள் என்று கேள்வி கேட்காமல் அடகு பிடித்த தொழிலில் வந்த பணம். உரிய வாரிசு உயிரோடு இருப்பதை மறைத்து அடைந்த சொத்து. அதைக் கொண்டு அவர் ஊருக்கு மருத்துவமனை கட்டுகிறார், தர்மங்களை நிர்வகிக்கிறார். ஊரை ஏமாற்றவே பக்தி வேடம் போடும் முரட்டுப் பாசாங்குக்காரர்கள் இருக்கலாம், புல்ஸ்ட்ரோட் அவர்களில் ஒருவர் அல்ல என்று எலியட் தெளிவாக எழுதுகிறார். அவர் உண்மையாகவே ஜெபிக்கிறார். பணம் தன் கையில் இருந்தால் கடவுளின் காரியத்துக்குப் பயன்படும் என்று தன்னைத் தானே நம்ப வைக்கிறார். தன் கடந்தகாலத்தை அறிந்த ராஃபிள்ஸ் நோயுற்றுத் தன் வீட்டில் கிடக்கும்போது, மருத்துவர் விலக்கிய பிராந்தி இருக்கும் அலமாரிச் சாவியை இரவில் பணிப்பெண்ணிடம் கொடுத்துவிடுகிறார். அவ்வளவுதான். ஆசை வேதமொழியில் பேசக் கற்றுக்கொண்டால் மனிதன் எதுவரை போவான் என்பதை இதைவிட நிதானமாகக் காட்டிய பக்கங்களை நான் படித்ததில்லை. அதோடு, எல்லாம் வெளிப்பட்டு ஊரே ஒதுக்கியபின், அவருடைய மனைவி ஹாரியட் நகைகளைக் கழற்றிவிட்டு, எளிய கறுப்பு உடை அணிந்து, கீழே வந்து அவர் அருகில் உட்காருகிறார். பணம் ஒரு காசும் கைமாறாத அந்தச் செயலையே நாவலின் மிகப்பெரிய தர்மமாக நான் கருதுகிறேன். கடவுள் நம்பிக்கையை இழந்த எழுத்தாளர் ஒருவர் இதை எழுதியிருப்பதால், இந்த அறத்துக்குக் கிறிஸ்தவப் பெயர் பொருந்துமா என்று சிலர் கேட்பார்கள். வேர் அங்கே இருந்தது என்று சொல்லலாம். அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன்: ஒரு வான்கோழியால் ஏழ்மை தீராது. டிக்கன்ஸும் அதை அறிந்திருந்தார். செல்வச் சீமாட்டி ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸின் பணத்தில், 1847-இல் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில், கைவிடப்பட்ட பெண்களுக்கான யுரேனியா காட்டேஜ் இல்லத்தைத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் அன்றாட விவரம் வரை கவனித்தவர் அவர். ‘ஹார்ட் டைம்ஸ்’ (1854) நாவலில், நல்ல சமாரியன் ஒரு மோசமான பொருளாதார வல்லுநன் என்று வீட்டில் உட்கார்ந்து எழுதி நிறுவப் பார்ப்பவராக நாடாளுமன்ற உறுப்பினர் கிராட்கிரைண்டைக் காட்டினார். அவருடைய பள்ளியில், அரசியல் பொருளாதாரத்தின் முதல் விதி எது என்ற கேள்விக்கு, பிறர் எனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேனோ அதை நான் அவர்களுக்குச் செய்வது என்று மாணவி சிஸ்ஸி விடை சொல்ல, அது தவறென்று திருத்தப்படுகிறது. 1865-இல் முடிந்த ‘அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்’ நாவலில், ஏழை விடுதிக்குப் போகமாட்டேன் என்று அடக்கச் செலவுக்கான பணத்தை உடையில் தைத்துக்கொண்டு ஊர் ஊராக நடக்கும் கிழவி பெட்டி ஹிக்டன் வருகிறாள். அந்நாவலின் பின்னுரையில், ஸ்டூவர்ட் மன்னர்கள் காலத்துக்குப் பின் இங்கிலாந்தில் இவ்வளவு இழிவாக நிர்வகிக்கப்பட்ட சட்டம் வேறில்லை என்று ஏழையர் சட்டத்தைப் பற்றித் தம் பெயரிலேயே எழுதினார். ஆக, தனிமனித மனமாற்றத்தோடு நின்றுவிட்டார் என்ற குற்றச்சாட்டு முழுக்கச் சரியில்லை. அவரும் மற்றவர்களும் தயங்கிய இடம் வேறு. அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர்கள் பெரும்பாலும் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஜேன் காதலிக்கும் ராச்செஸ்டரின் பணத்தில் ஜமைக்காவின் பங்கு எவ்வளவு என்று ‘ஜேன் அயர்’ நின்று கேட்பதில்லை. புல்ஸ்ட்ரோடின் கதையில் மட்டும் அந்தக் கேள்வி முழு வலுவோடு எழுகிறது. அதுவும் ஒரு குடும்பத்தின் வாரிசுரிமையாக.

அடுத்து என்ன படிக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். முழு நாவல்களுக்கு இப்போது நேரமில்லை என்றால், ‘ப்ளீக் ஹவுஸ்’ எட்டாம் அதிகாரத்தையும் ‘மிடில்மார்ச்’ எழுபத்து நான்காம் அதிகாரத்தையும் ஒரே வாரத்தில் படியுங்கள். முன்னதன் தலைப்பு, அன்பு திரளான பாவங்களை மூடும் என்ற பேதுருவின் நிருப வசனத்திலிருந்து எடுத்தது. பார்டிகிள் வரும் அதிகாரம் அதுவே. பின்னதில் ஹாரியட் கீழே இறங்கி வருகிறார். ஒன்று விசுவாசி எழுதியது, மற்றது விசுவாசத்தை விட்டவர் எழுதியது. இரண்டுக்கும் இடையே எங்கே வேறுபாடு தெரிகிறது என்று நீங்களே பார்த்து, முடிந்தால் இங்கே எழுதுங்கள்.